நீள் வாரக்கடைசிக்கு முன்

ஏப்ரல் பதினோராம் திகதி
குகதாசனுக்கு வேலை போனது.
பன்னிரண்டாம் திகதி விடிய
பின்வளவில் மண்வெட்டியோடு நின்றார்.
மேலே இரண்டு விரற்கடை சேறு,
கீழே இன்னும் உறைபனி,
ஒவ்வொரு வெட்டுக்கும் இரும்பு கத்தியது.
நாலடிக்கு எட்டடி.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்த
என் கண்ணுக்கு அது கட்டிலாகத் தெரிந்தது.
அந்த நேரத்தில் எனக்கு எல்லாமே கட்டில்தான்.

மே மாத நீள் வாரக்கடைசிக்கு முன்
தக்காளி நடக்கூடாதென்பது
கல்கரியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.
நாற்று விற்ற பெடியனும் சொல்லித்தான் விற்றான்.
"வேலையில்லாதவனுக்கு எல்லா வாரக்கடைசியும் நீளம்தானே,
எதுக்கு முன்னால் என்கிறான்?"
கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
பதினைந்தாம் திகதி வீட்டுக்கடன்.

பன்னிரண்டு கன்றும் ஒரே இரவில்
அவித்த கீரையாகிக் கிடந்தன.
திரும்பவும் பன்னிரண்டு வாங்கி வந்தார்.
நாற்பத்தெட்டு டொலர்.
தக்காளிக்காகச் சண்டை பிடித்தோம்,
அப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.
ஆதிரை அறைக்கதவைச் சாத்தும் சத்தம்
ஜூன் முழுக்கக் கேட்டது.
ஹாலிஃபாக்ஸில் இடம் கிடைத்த கடிதம்
குளிர்பெட்டிக் கதவில், காந்தத்தின் கீழ்,
பணம் கட்டும் கடைசி நாளை
யாரோ சிவப்பில் வட்டமிட்டபடி.

துவாரகன் கரட் விதைத்தான்.
ஒன்பது வயசு; நம்பிக்கை மூன்று நாள்தான் தாங்கும்.
தினம் ஒன்றைப் பிடுங்கி
வேர் பருத்ததா என்று பார்த்துவிட்டு
திரும்பச் செருகி, மண் அணைத்து,
தண்ணீரும் விட்டான்.
"பிடுங்காமல் விடு அப்பன், அது பாவம்" என்று
ஜன்னலால் கத்திவிட்டு
கணினி முன்னால் இருந்தவரிடம் கேட்டேன்:
"நேற்றைய நேர்முகம், ஏதும் பதில் வந்ததே?"

ஜூலையில் ஒரு பின்னேரம், நாலு மணி,
வானம் அடிபட்டுக் கன்றிய நிறத்துக்குப் போனது.
முதல் கல் கூரையில் விழ
நான் கார்க் கண்ணாடியை நினைத்தேன்.
அவர் படியில் நின்றார், கையில் ஒன்றுமில்லாமல்.
கதவைத் தள்ளிக்கொண்டு ஓடியவள் ஆதிரை.
தலையில் சைக்கிள் தொப்பி,
தோளில் தன் கட்டிலின் தடித்த போர்வை.
பாத்தியின் ஒரு பாதிமேல் அதை விரித்தாள்.
மறு பாதிக்கு முதுகைக் கொடுக்கப் பார்த்தாள்.
அவர் போய் இழுத்து வந்தார்.
மூன்று மாதத்தில் முதல்முறையாகத்
தகப்பனும் மகளும் பேசிக்கொண்டார்கள்.
நல்ல பேச்சில்லை.
நனைந்த உடுப்போடு வெகுநேரம் ஏசிக்கொண்டார்கள்.

பயற்றங்கொடி போனது. கீரை போனது.
போர்வைக்குக் கீழே
நாலு தக்காளியும் ஒரு சுக்கினியும்.
ஒரு சுக்கினி என்றால் என்னவென்று
எங்களுக்கு அப்போது தெரியாது.
ஆகஸ்ட் முழுக்கச் சுக்கினிப் பால்கறி,
சுக்கினி வறை, சுக்கினி ரொட்டி.
இலைக்குள் ஒளிந்து கண்டபடி வளர்ந்த ஒன்றை
துவாயில் சுற்றி வேலைக்குக் கொண்டுபோனேன்.
மகப்பேற்று வார்ட். தராசில் கிடத்திப் பார்த்தோம்:
மூன்று கிலோ இருநூறு.
சுகப்பிரசவம் என்று பலகையில் எழுதிவிட்டு
கையெழுத்து வைக்காமல் அழித்தோம்.

செப்டம்பரில் கடன் எழுதி ஆதிரையை அனுப்பினோம்.
அவள் போய் ஒரு கிழமையால் வேலை வந்தது,
பழைய சம்பளத்தில் பாதி,
ஏர்ட்ரியில் ஒரு பண்டகசாலை, இரவு.
உறைபனி வருகிறதென்று வானொலி சொன்ன அன்று
பச்சைக் காய்களைப் பறித்து, தாள் சுற்றி,
கழுத்துப்பட்டிகள் கிடந்த லாச்சிக்குள் அடுக்கினார்.
கழுத்துப்பட்டிகளை எங்கே வைத்தாரென்று
நான் கேட்கவில்லை.

தீபாவளி கழிந்து நாலாம் நாள்
ஒன்று பழுத்திருந்தது.
நான் வேலைக்கு வெளிக்கிட, அவரும் வெளிக்கிட,
இடையில் பதினைந்து நிமிடம்.
பலகையில் வைத்து நாலாக வெட்டினார்.
வெட்டிய பிறகுதான் எண்ணினார்.
உப்புத் தூவி ஆளுக்கொன்று எடுத்தோம்.
ருசி என்ன, கடைத் தக்காளிதான்,
புளிப்புக் கொஞ்சம் கூட.
நாலாவது துண்டைத் துவாரகன்
யாரையும் கேட்காமல் தின்றான்.