எழுபதாம் நம்பர்

கிளிநொச்சிக் கடையில் மூன்று விலை சொன்னான்.
எண்ணாயிரத்து இருநூறு. மூவாயிரம்.
பிறகு மேசைக்குக் கீழே குனிந்து
பெயரில்லாத ஓர் உறை:
அறுநூற்றைம்பது.
"இது எப்படியிருக்கும்?"
"கம்பிதானே அக்கா, கட்டினால் சத்தம் வரும்."

வந்தது.

கிற்றார், கோயில் பாடகர் குழுவினுடையது.
ஓர்கன் வாங்கின பிறகு
பூசைச் சாமான் அறையில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்,
உருக்குக் கம்பி பூட்டி.
நைலோனுக்கென்று செய்த மரம்.
உருக்கு இழுத்த இழுவையில்
பாலம் ஒரு பஸ் ரிக்கற் நுழையுமளவு கிளம்பியிருந்தது.
பசை விட்டு, தச்சுப் பட்டறையில் இரவல் வாங்கின
கவ்வி இரண்டு பூட்டி
மூன்று இரவு தொடாமல் இருந்தேன்.
தொடாமல் இருந்ததுதான் கஷ்டம்.

புது நைலோன் சொல் கேளாது.
முறுக்கிவிட்டுத் திரும்ப முன் தளரும்.
காலமை ஆறு மணிக்குச் சுதி சேர்த்துவிட்டு
மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போய்
இரவு முள்ளியவளைக்குத் திரும்பி வந்து தொட்டால்
வேலிச் சண்டைக்காரர் ஆறு பேர்
ஒரே நேரத்தில் கதைப்பது மாதிரி.
ஐந்தாம் நாள்தான் ஒத்துக்கொண்டார்கள்.

மெல்லிய மூன்றும் பரவாயில்லை.
தடித்ததில் இரண்டு
ஈரச்சாக்கில் தட்டின சத்தம்.
நாலாவது, பதினோராம் நாள்
மூன்றாம் கட்டில் சுற்று நைந்து
பட்.
கன்னத்தில் ஒரு கோடு.
வார்ட்டில் கேட்டவர்களுக்குப் பூனை என்றேன்.
நாலாவதுக்காகவே இன்னோர் அறுநூற்றைம்பது.
மிச்ச ஐந்தும் லாச்சிக்குள்.

நகம் வளர்க்க வேணுமாம் இந்த வாத்தியத்துக்கு.
மேற்றன் திங்கட்கிழமைகளில்
எங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பா.
ஆகவே எனக்குச் சதைதான்.
சதைக்கு ஒலி குறைவு.
சுகிர்தன் பக்கத்து அறையில் நித்திரை கொள்வதால்
அதுவும் வசதிதான்.

எமிலியானுஸ், சிலாவத்தை,
திருக்கை முள் ஏறின பாதம்.
இரண்டாம் முறை மருந்து கட்ட வந்தபோது
மடியில் தங்கூசிச் சுருள், பச்சை.
"என்ன தடிப்பு?"
"எழுபதாம் நம்பர், மிஸ்."
பூச்சியம் தசம் ஏழு. என் முதலாம் கம்பியை
பம்ப் திருத்துகிற கடையில் வேணியர் வைத்து அளந்திருந்தேன்:
நூற்றிலொரு மில்லிமீற்றர்தான் வித்தியாசம்.
விஷயத்தைச் சொன்னேன்.
சிரித்ததில் கட்டுப் போட்ட கால் ஆடியது.
"இதில பாரை வரும் மிஸ், பாட்டு வருமோ?"
இருபது கிலோ தாங்குமாம்.
என் கம்பிக்கு ஏழு போதும்.
இரண்டு பாகம் அளந்து
பல்லால் கடித்துத் தந்தார்.

பாலத்தில் முடிச்சு வழுக்கியது. இரண்டு தரம்.
நுனியை நெருப்புக்குச்சியில் காட்டினேன்,
உருகி ஒரு மணி மாதிரித் திரண்டது,
பிறகு நின்றது.
ஐந்து கம்பி ஒரு நிறம், ஒன்று கடற்பச்சை.
தட்டினேன்.

பொய் சொல்லவில்லை,
உறைக்குள் வந்ததைவிடத் தெளிவு.
கொஞ்சம் கீச்சு. பன்னிரண்டாம் கட்டில்
ஒரு மயிரிழை கூடி ஒலிக்கிறது,
அந்த இடத்துக்கு நான் அதிகம் போவதில்லை.

தையல் வெட்டுகிற நாள் கேட்டார்:
"கொழுவினதோ?"
"கொழுவிச்சு."
பையிலிருந்து நூறாம் நம்பர் எடுத்து நீட்டினார்,
மூன்றாவதுக்குச் சரியான தடிப்பு.
அது மந்தம்.
எண்ணாயிரத்து இருநூறிலும் மூன்றாவது மந்தம்தானாம்,
கடைப் பெடியன் சொன்னது,
விற்கவேண்டியவன் ஏன் அப்படிச் சொன்னான் தெரியாது.

நேற்றிரவு கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை.
செவியை மரத்தில் வைத்துச் சுதி பிடித்தேன்.
தங்கூசி அசையவில்லை,
மற்றவை அதைக் கேட்டு ஏறி வந்தன.
நாலாவதில், அதே மூன்றாம் கட்டில்,
விரலுக்குச் செம்பு தட்டுப்படுகிறது.
தையிலாவது போனஸ் வருமென்கிறார்கள்.
அந்த எண்ணாயிரத்து இருநூறை
நான் மறக்கவில்லை.