புல்லுருவி

மூவாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில்
விடிவதென்பது வெளிச்சமல்ல;
மூடுபனி கொஞ்சம் வெளுப்பது.

தோன் எவெலியோ அரிவாளைத் தந்து அனுப்பினார்:
"புல்லுருவி ஏறிய கிளையெல்லாம் கழித்துவிடு.
மரக்கணக்கில் கூலி."
அவருக்கு மரம் என்றால் வேலிக்கம்பம்.
எனக்கு அன்றைக்கு
அரிசி, எண்ணெய், மகளுக்கு ரப்பர் பூட்ஸ்.

பாசி முழங்கை வரை நனைத்தது.
பதினொன்று முடிந்தது.
பன்னிரண்டாவது, கிழட்டு என்செனில்யோ,
பாதி தானாகவும் பாதி புல்லுருவியாகவும் நின்றது.
ஏறினேன்.
அரிவாளை ஓங்கிய இடத்தில்
இலைகள் மென்றுகொண்டிருந்தன.

இலைகள் என்றுதான் நினைத்தேன்.
பிறகு ஓர் இலைக்கு முகம் வந்தது:
மூக்கின்மேல் ஒரு சிவப்புக் கீற்று,
அதைச் சுற்றி மங்கல் மஞ்சள்,
உச்சியில் நீலம் படிந்த சாயல்,
தோளில் மிளகாய்ப் பழம்.
மற்றதெல்லாம் பச்சை.
கிளிப்பச்சை என்றால்
அந்தப் பச்சையைச் சொன்னதாகாது.
மழை விட்டதும் பாசியைப் பிழிந்தால்
விரலில் ஒட்டுமே, அது.

ஒற்றைக் காலால் கொத்தை இழுத்து,
பருக்கையளவு பழத்தை நாக்கில் உருட்டி,
தோலைத் துப்பி,
பிசின் பிடித்த அலகைக் கிளையில்
இப்படியும் அப்படியும் தேய்த்தது.
நாலு. இல்லை, ஐந்து.
ஒன்றும் பேசவில்லை.
கிளி பேசும் என்று யார் சொன்னது?

இருமல் என்னைக் கேட்டுக்கொண்டா வரும்!
ஐந்தும் எழும்பின.
விரிந்த பிறகுதான் தெரிந்தது சிறகில் அந்த நீலம்,
அவுரித் தொட்டியிலிருந்து
அப்போதே தூக்கிய துணி,
இன்னும் சொட்டுவதுபோல்.
பனி மூடிக்கொண்டது.
கரகரவென்று ஒரு சத்தம் மட்டும்
சரிவில் இறங்கிப்போனது.

கூடுபெட்டி மாட்டித் திரியும் தெயானிரா
சாயங்காலம் நோட்டோடு வந்தாள்.
எத்தனை? எந்த மேடு? என்ன தின்றன?
"புல்லுருவி" என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
சுவரில் சாய்ந்திருந்த அரிவாளைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை கணக்கு:
"பன்னிரண்டு சொன்னேனே?"
"அது உளுத்த மரம், ஏற முடியவில்லை."
காசை எண்ணிக்கொண்டே, நிமிராமல்,
"உட்கார்ந்து தின்னும் புல்லுருவி" என்றார் என்னை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அதற்கும் ஒரு நோட்டைக் குறைத்தார்.

பூட்ஸ் அடுத்த மாதம்.
காலில் பிளாஸ்டிக் பை சுற்றிய மகளுக்கு
அந்த மரத்தைக் காட்டக் கூட்டிப்போகிறேன்.
வழியில் அந்தப் பதினொன்று.
ஒவ்வொன்றின் அடியிலும்
பழங்கள் ஈரத்தில் கறுக்கின்றன.
"கிளி கீழே வந்து தின்னாதா?" என்கிறாள்.

அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.
கை இன்னும் அதைத் தேடுகிறது.