நீடாமங்கலம் கேட்

ஈரப்பதம் பதினெட்டு என்று கொள்முதல் நிலையத்தில்
திருப்பிவிட்ட மூட்டைகள் மேல் உட்கார்ந்துதான்
எங்கள் கருவியை அவருக்குக் காட்டினோம்.

உள்ளங்கையில் ஒட்டிய பதரை ஊதிவிட்டு,
"பத்து லட்சம் பேர் வாங்குவார்களா?" என்றார்.
எங்களிடம் இருந்தது நாற்பத்தொரு பேர்.
அதில் ஆறு பேர் கடன்.

"பத்தில் ஒன்பது சாகும். மிச்சம் ஒன்று
எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரும்."
பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.
நஸ்ரின் நோட்டில் எழுதினாள்:
நாம் எத்தனையாவது?

தப்பில்லை அவர் கணக்கில்.
மேட்டூர் திறக்கும் தேதி பேப்பரில் வரும்;
நமக்கு வரும் தேதி
எந்தப் பேப்பரிலும் வராது.
ஆனாலும் விதை ஊறப்போடுகிறோம்,
கடைமடைக்காரர்கள்.

"கொஞ்சம் வளருங்கள், பேசலாம்."
கார் போய்விட்டது.

மணி நாலே கால்.
மன்னை எக்ஸ்பிரஸ் இல்லை, ஏதோ கூட்ஸ்.
கேட் மூடினால் இருபது நிமிடம்,
எத்தனை கோடி வைத்திருந்தாலும்.

பைக்கை உதைத்தேன்.
நஸ்ரின் பின்னால், மடியில் கருவி,
துப்பட்டாவில் ஒரு பிடி ஈர நெல்.

லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவே
அந்த வெள்ளைக் கார்.
தட்டினோம்.

கண்ணாடி இறங்கியது,
பாதி.