அரைப்பேர்

செக்ரோல் எழுதுகிறவனுக்கு ஆட்கள் முதலில் எண்கள்.
எஞ்சின் தொரையும் எனக்கு அப்படித்தான் அறிமுகம்:
எண்பத்தேழு ஆட்டம், ஒன்பது கோல்,
ஐந்து குளிர்காலம், ஒரு முழங்கால்.

ஹெர்பர்ட் அக்ராய்ட். லங்காஷயர்க்காரர்.
மூன்றாம் பிரிவு, வடக்கு. இடது ஓரம்.
பிஸ்கட் தகரத்துக்குள் பத்திரிகை நறுக்குகள்;
பேரை மூன்று விதமாகப் பிழையாய் அச்சடித்திருந்தார்கள்.
பதினொரு பேர் கைகட்டி நிற்கும் படத்தில்
மடிப்பு விழுந்தது சரியாக அவர் முகத்தில்.

புது ரோலர் பூட்ட பொகவந்தலாவைக்கு வந்தவர்.
ரோலர் ஓடியது. அவர் போகவில்லை.
ஊரில் மில்களுக்குப் பூட்டு என்றார்,
வேறெதுவும் சொல்லவில்லை.

கிளப்பில் முதலில் கூப்பிட்டார்கள்தான்.
பட்டாளத்துக்காரரோடு ஆட்டம், இடது ஓரத்துக்கு ஆள் தேவை.
வெள்ளை ஜெர்சிகூடக் கொடுத்தார்கள்.
பிறகு யாரோ விசாரித்திருக்கிறார்கள்:
இவன் காசு வாங்கி ஆடினவனாமே.
ஜெர்சியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தார்,
நாலாய் மடித்து.

அடுத்த ஞாயிறு எங்கள் பிரட்டுக்களத்தில் நின்றார்,
கிரீஸ் கறைக் கால்சட்டையோடு.
களம் மேற்கே சரியும். பந்து அடிக்கடி தேயிலைக்குள் போய்விடும்.
"எங்களதும் இப்படித்தான் சரிவு" என்று சிரித்தார்.
பந்தின் கிழிந்த தையலை
எஞ்சின் பெல்ட் தைக்கிற நூலால் தைத்தார்.
ஆடவில்லை. முழங்கால் மடங்கும்போது
காய்ந்த கொழுந்தை நெரிப்பதுபோல் ஒரு சத்தம்.

மழைக்கு ஸ்டோரில் ஒதுங்கிய ஒரு நாள்
சடையன் கேட்டான், நான் இங்கிலீஷில் சொன்னேன்:
இத்தனை வருஷம் ஏன் ஒரே கிளப்?
அவர் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்:
கோடையில் சம்பளத்தைக் குறைப்பார்கள்.
வேறு கிளப் கூப்பிட்டாலும்
இவர்கள் காகிதம் கொடுத்தால்தான் போகலாம்.
கொடுக்கமாட்டார்கள்.
கால் போன பிறகு, கேட்காமலே கொடுத்தார்கள்.

"அட, துண்டு!" என்றான் சடையன்.
அவன் அப்பன் துண்டுக்காக மூன்று வருஷம்
பெரிய கங்காணி வாசலில் நின்றவன்.
அந்தச் சொல்லுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை.
தேவைப்படவுமில்லை; அவரே திருப்பிச் சொன்னார்,
"துண்டு", வாயில் வெற்றிலை போட்டவர் மாதிரி.

ஆடி மாதம். கெசல்கமு ஓயாவுக்கு அந்தப்பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம்.
ஒன்றுக்கு ஒன்று. அந்தோணிமுத்து கணுக்கால் பிசகி விழுந்தான்.
பதினொரு நிமிடம் பாக்கி.
யாரும் கூப்பிடவில்லை. அவரே சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார்.

ஓடினார் என்று சொல்லமுடியாது.
கோட்டோரம் நின்றார். காற்றைப் பார்த்தார்.
எட்டு நிமிடம் பந்தே வரவில்லை.
பிறகு இடது மூலையிலிருந்து ஒரு கார்னர்.
ஈயம்போல் நனைந்த பந்து
வெளியே போவதாய்ப் போய், மனம் மாறி,
சடையன் நெற்றிக்குத் தானே வந்தது.
கோல் சடையனுடையது. ஊரே அவனைத் தூக்கியது.
தொரை மூலையிலேயே குந்தி
முழங்காலை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கிளப் வரைக்கும் செய்தி போயிற்று.
கூலிகளோடு ஆடியதற்கு ஒரு மாத நோட்டீஸ்.

அன்று இரவு செக்ரோலைத் திறந்தேன்.
ஆண் பேர் நாற்பத்தொன்பது சதம்.
பதினொரு நிமிடத்துக்கு முழுப்பேர் போட மனம் இருந்தது, கை வரவில்லை.
கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்:
அக்ராய்ட், ஞாயிறு, அரைப்பேர்.

லயத்தில் சல்லி சேர்த்தோம், இருபத்தைந்து சதம்.
வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன்.
விளக்கடியில் ஒவ்வொன்றாய் எண்ணினார்.
"அரைச் சதம் கூட இருக்கிறது" என்று
ஒரு நாணயத்தைத் திருப்பித் தந்துவிட்டு
எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார்.