ரத்தம் கம்மி

வியாழக்கிழமை மட்டும்தான் எங்கள் அறை திறக்கும்.
வியாழக்கிழமை வந்தால் ஒரு ஷிப்ட் போகும்.
இருந்தும் வந்தாள் குந்தளா,
முந்தானையில் பனியன் பஞ்சு ஒட்டியிருக்க,
பதினாறு வயது லிப்ஸாவோடு.

டாக்டர் தமிழில் கேட்டார்.
மகள் பள்ளிக்கூடத் தமிழில் சொன்னாள்:
தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை.
பரீட்சைக்குக் கிளம்பி
பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
நொய்யல் பாலத்தில்
ரொம்ப நேரம் நிற்கிறேன்.

"அம்மாகிட்டச் சொல்லு கண்ணு" என்றேன்.
ஒடியாவில் சொன்னாள்.
அத்தனையும் இரண்டே சொல்லில் முடிந்தது.
அம்மா தலையாட்டினாள்.
இருபது வருஷ நர்ஸ்,
நானும் தலையாட்டினேன்.

அடுத்த வாரம்
மாத்திரை அட்டையில் ஒன்றும் குறையவில்லை.
குந்தளா கம்பெனித் தமிழில் பெருமையாகச் சொன்னாள்:
"ரத்தம் கம்மிதானே மேடம்,
தினம் பீட்ரூட், தினம் முருங்கைக்கீரை.
மாத்திரை எதுக்கு?"

லிப்ஸா தரையைப் பார்த்தாள்.
தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.
"நீங்களே சொல்லிருங்க.
என் வாயால அத
எங்க பாஷையில சொல்ல வரல."

செக்கிங் செக்‌ஷன் ஜெமாமணிக்குப் போன் போட்டேன்.
மெஷின் இரைச்சல்.
"இருங்கக்கா, பாத்ரூமுக்குப் போயிப் பேசறனுங்க."

ஸ்பீக்கரில் வெகுநேரம் ஒடியா.
பீட்ரூட் பையின் காதை
முறுக்கிக்கொண்டே இருந்தாள் குந்தளா.
அப்புறம் ஏதோ கேட்டாள்.
ஜெமாமணி உடனே தமிழாக்கவில்லை.
குழாய் சொட்டுவது கேட்டது.

"மாத்திரை எத்தன மணிக்குன்னு கேக்கறாங்கக்கா.
அப்புறம்...
அந்தப் பாலம் எங்க இருக்குதுன்னு."