வெறும் மாவு

புதுவயலிலிருந்து காரைக்குடிக்கு வரும் பேருந்தில்
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
துறை ஜீப்புக்கு டீசல் அனுமதி வந்ததில்லை.
"மீனா?" என்று பக்கத்து இருக்கை கேட்கும்.
"ஆமா" என்பேன்.
உள்ளே பதினோரு பேரின் மலம்,
சின்னப் புட்டிகளில், பெயரில்லாமல், எண்ணோடு.

பள்ளத்தூரில் ஒரு வீட்டு நீராகாரத்தில் கிடைத்தது அது.
கோல் வடிவம். சாயமிட்டால் ஊதா.
அமிலத்தில் போட்டோம், சாகவில்லை.
பித்தநீரில் போட்டோம், பெருகியது.
ப-41 என்று பெயர் வைத்தோம்.
புண் வந்த எலிகளுக்கு ஊட்டினோம்,
எலிக்குடல் ஆறியது.
எலிகளை நம்பித் தில்லிக்கு எழுதினேன்,
கேட்டதில் பாதி வந்தது.
திட்டத்தின் தலைப்பில் "நன்மை செய்யும்" என்று போட்டிருந்தேன்.

பிறகு மனிதர்கள்.
பெருங்குடல் அழற்சி, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை,
பாதி ரத்தம்.
எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளிப் பொட்டலம்.
ஒன்றில் ப-41, ஒன்றில் வெறும் அரிசி மாவு.
எதில் எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
திருச்சியில் ஒரு கணக்காளரின் பூட்டிய கோப்புக்குத் தெரியும்.

எட்டாம் வாரம் சாத்தையா வந்தார்,
புதுவயல் மில்லில் மூட்டை தூக்குகிறவர்,
வயிற்றில் கை வைக்காமல் நிமிர்ந்து.
"தாயி, ஒங்க பூச்சிங்க உள்ள ஒக்காந்து வேலை பாக்குது."
பிராந்தியை விட்டாராம். அதுகளுக்கு ஆகாதுல்ல.
காலையில் பழைய சோறு, மதியம் கீரை, நேரத்துக்கு.
"உள்ள ஜீவன் இருக்கு. பட்டினி போடலாமா?"
ராத்திரி லோடுக்குக் கூப்பிட்டால் போவதில்லையாம்,
அதுகள் தூங்க வேண்டும்.
நான் குறிப்பேட்டில் எழுதினேன்:
எண் 17, இருமுறை, ரத்தமில்லை.
கை கொஞ்சம் நடுங்கியது, சந்தோஷத்தில்.
எழுதக் கூடாத சந்தோஷம் அது.

வெள்ளிக்கிழமை, மின்வெட்டு,
ஜெனரேட்டர் உறைபெட்டிக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
கைபேசியில் கோப்பைத் திறந்தேன்.
இரு குழுவுக்கும் வேறுபாடு குறிப்பிடத்தக்கதல்ல.
எண் 17: மாவு.
புதுவயலில் வாங்கிய அரிசி.
அவர் சுமந்த மூட்டையாகவே இருந்திருக்கலாம்.

எண் 6, தேவகோட்டை எமல்டா டீச்சர்: ப-41.
நன்றாகவே குடியேறியிருந்தது.
ஒரு கிராமுக்குப் பத்துக்கோடி,
சொந்த ஊர் மாதிரி.
டீச்சருக்கு ஒருநாளும் ரத்தம் நிற்கவில்லை.
பத்தாம் வாரம் மதுரையில்
பெருங்குடலை வெட்டி எடுத்தார்கள்.

தலைப்பில் இருந்த "நன்மை"யை அடித்தேன்.
திரும்ப எழுதினேன்.
யாருக்கு என்று நுண்ணோக்கி சொல்வதில்லை.

பங்கேற்றவர்களிடம் உண்மையைச் சொல்வது விதி.
சாத்தையாவை வரச்சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து,
சொன்னேன்.
கண்ணாடி டம்ளரை அவர் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை.
வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள்.
"அப்ப இத்தன நாளா
யாருக்குத் தாயி நான் சோறு போட்டேன்?"

படித்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது.
உங்களுக்குள் ஏற்கெனவே ஆயிரம் வகை இருந்தன.
அவற்றில் ஒரு கூட்டம், பன்னிரண்டு வாரத்தில், ஏழு மடங்கு.
என் வரைபடத்தில் அந்தக் கிளைக்கு நேரே
"வகைப்படுத்தப்படாதது" என்று இருக்கிறது.
அதனால் ஆறியதா, ஆறியதால் அது பெருகியதா,
பிராந்தி போனதா, தூக்கம் வந்ததா,
தெரியாது.
"தெரியாது" என்பதை மட்டும் சொன்னேன்.
இன்னொரு புட்டி தருவீர்களா என்றும் கேட்டேன்.

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.
"பேரில்லாததுகளா? சரி, குடுங்க."
மறுநாள் தூக்குவாளியில் கொண்டுவந்தார், மேலே ஈரத்துணி சுற்றி,
வெயில் படாமல்.

எமல்டா டீச்சருக்கான கடிதம் மேசையில் இருக்கிறது.
"அன்புடையீர்" வரை எழுதியிருக்கிறேன்.