வாய்ச் சோதனை

பொம்மைப் போட்டிக்கு நான் நடுவர்.
இயற்பியல் லேபிலிருந்து ஒரு சுருள்தராசு,
பழைய ஃபிலிம் ரோல் டப்பா,
பிறகு என் பற்கள்.

டப்பாவுக்குள் விழுவது எதுவும்
தொண்டைக்குள்ளும் விழும்.
ஹரிப்ரியாவின் ரயில் ஒரே இழுப்பில்
சக்கரத்தைக் கொடுத்துவிட்டது.
எட்டாம் வகுப்புக் கரடி
கண்ணை என் மடியில் உதிர்த்தது.
அழுதவர்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட்.

தப்ரேஸின் யானையில் ஆணி இல்லை, பசை இல்லை.
கண்கூட நூலில் தைத்ததுதான்.
துதிக்கையைப் பிடித்து இழுத்தேன்.
தராசின் முள் கடைசிக் கோடுவரை போயிற்று.
யானை சும்மா இருந்தது.
வெளிர்நீலத் தோல். மெத்தென்று,
விடவே மனமில்லாமல் தடவிக்கொண்டிருந்தேன்.

முதல் பரிசு என்று முடிவுசெய்துவிட்டு
காதைக் கடிக்கப் போனேன்.

"சார், வேணாம்."

ஏண்டா?

"ஷெட்டுக்குப் பின்னால பொறுக்கின துண்டு சார்.
குரோம் ஏத்துனது.
வேலை முடிஞ்சு குளிக்காம
அத்தா தம்பியத் தூக்க மாட்டாரு."

அப்புறம் இதை ஏன் கொண்டுவந்தே?

"பாக்க நல்லா இருக்குல்ல."

ராணிப்பேட்டைக் காற்று
ஜன்னல் வழியே
எப்போதும்போல வந்துகொண்டிருந்தது.
தாளில் ஒரு கட்டம் மட்டும் காலி.
மைக்கில் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

யானையை வாங்கிப் பைக்குள் வைத்தவன்
என் கைகளைப் பார்த்தான்.

"பைப்பு அந்தாண்ட இருக்கு சார், கழுவிக்கோங்க.
குடிக்க மட்டும் வேணாம்."